மூளையைக் காண்டலும் தூண்டலும்

மனித உடலுறுப்புக்களுள் மூளையைப்போல் நெடுங்காலம் மறைபொருளாய் இருந்தது வேறொன்றில்லை. இருதயத்தின் துடிப்பைக் கைவைத்து அறியலாம்; மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணாற் காணலாம். மூளையோ ஓசையின்றி, அசைவின்றி, என்புக் கூட்டினுள் ஒடுங்கிக் கிடப்பது. ஏறக்குறைய 1.4 கிலோகிராம் நிறையுடைய இவ்வுறுப்பிலே சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன என்று இன்றைய ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவை மின்துடிப்புக்களாலும் இரசாயனப் பொருள்களாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நாம் எண்ணுவதும் நடப்பதும் அழுவதும் நகைப்பதும் அப்பேச்சின் பயனே.

அப்பேச்சுக் குழம்பும்போது நோய் தோன்றுகின்றது. கை நடுங்குகின்றது, கால் எழ மறுக்கின்றது, வலிப்பு வருகின்றது, காரணமின்றி மனம் இருளடைகின்றது. இந்நோய்களை ஆராயும் வைத்திய விஞ்ஞானம் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இரு வழிகளை வகுத்துக்கொண்டது. ஒன்று, மண்டையோட்டைத் திறவாமலே மூளையின் அமைப்பையும் தொழிலையும் படமாகக் காண்டல். மற்றது, மின்சாரத்தாலோ காந்தத்தாலோ மூளையின் ஒரு பகுதியைத் தூண்டி, என்ன நிகழ்கின்றதென நோக்கல். இவ்விரண்டும் எங்ஙனம் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதையும், இரண்டுங் கூடியவிடத்தும் ஆராய்ச்சியாளன் ஏன் தன் கண்ணை உடனே நம்பலாகாது என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முயல்வோம்.

தூண்டலின் தொடக்கம்

1870 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் குஸ்தாவ் பிறிற்ச், எடுவாட் ஹிற்சிக் என்னும் வைத்தியர் இருவர் ஒரு நாயின் மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தீண்டினர். தீண்டிய இடத்துக்கேற்ப உடலின் மறுபக்கத்துத் தசைகள் அசைந்தன. மூளையின் வெவ்வேறிடங்களுக்கு வெவ்வேறு தொழில்கள் உண்டு என்னும் கொள்கைக்கு இப்பரிசோதனை உறுதியானதோர் அடிப்படையாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1874 இல், அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் றொபேட்ஸ் பார்த்தலோ என்னும் வைத்தியர் இதனையே மனிதரிடத்துச் செய்தார். புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் மூளையுள் ஊசிகளைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினார். கையும் காலும் அசைந்தன. மின்வலுவைக் கூட்டியபோது அப்பெண் துன்புற்று அழுதாள், பின் வலிப்புண்டாயிற்று, சில நாள்களில் அவள் இறந்தாள். வைத்திய உலகம் பார்த்தலோவைக் கடிந்தது. அவரும் தம் செயலுக்கு வருந்தினார். மனித மூளையும் மின்சாரத்துக்கு விடையளிக்கும் என்ற உண்மை அன்று கிடைத்தது மெய்யே. ஆயின், அதனால் அந்நோயாளிக்கு எள்ளளவும் நன்மை விளைந்ததில்லை. இத்துறையின் வரலாற்றைக் கூறுவோர் இந்நிகழ்ச்சியை மறைத்துச் செல்லலாகாது. ஏனெனில், நோயாளியிடத்து ஆராய்ச்சி செய்தற்கு இன்றுள்ள விதிகள் இத்தகைய துன்பங்களினின்றே பிறந்தவை.

தூண்டலை நோயாளியின் நன்மைக்கே பயன்படுத்திக் காட்டியவர் கனடாவின் மொன்றியல் நகரில் 1934 இல் நரம்பியல் நிலையத்தை நிறுவிய வைல்டர் பென்பீல்ட் ஆவர். வலிப்பு நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்கையில் மூளையின் எப்பகுதியை அகற்றலாம், எதனைத் தொடலாகாது என அவர் அறியவேண்டியிருந்தது. மூளைக்கு நோவுணர்ச்சி இல்லை. தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்தாற் போதும். எனவே நோயாளியை விழித்திருக்கச் செய்து, மின்வாயினால் இடந்தொறும் தீண்டி, “இப்பொழுது என்ன உணர்கின்றீர்?” என்று வினவினார். ஓரிடத்தில் விரல் அசைந்தது. ஓரிடத்தில் நா மரத்தது. ஓரிடத்திலே பேச்சு நின்றது. இவ்வாறு தொகுத்த விடைகளைக் கொண்டு அவரும் அவர்தம் துணைவரும் 1937 இல் வெளியிட்ட மூளைப் படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றது.

காண்டலின் வளர்ச்சி

1895 இல் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ் கதிர்கள் என்பை நன்கு காட்டின. என்புக்குள் இருந்த மூளையைக் காட்டவில்லை. ஜேர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பேகர் 1924 இல் மனிதத் தலையின் மேற்புறத்தினின்று மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929 இல் அதனை வெளியிட்டார். மூளை தொழிற்படும் வேளையை அவ்வலைகள் காட்டினவாயினும், தொழிற்படும் இடத்தைத் திட்டமாகக் காட்டவில்லை.

1971 ஒக்ரோபரில் இலண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அற்கின்சன் மோளி வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை கணினி வாயிலாகத் துண்டு துண்டாகப் படமெடுக்கப்பட்டது. எக்ஸ் கதிரைப் பல திசைகளினின்று செலுத்தி, வெளிவரும் கதிரின் அளவுகளைக் கொண்டு உள்ளிருப்பதைக் கணித்தறியும் இம்முறையே சி.ரி. ஸ்கான் எனப்படுவது. இதனை அமைத்தவர் இசைத்தட்டுக்களுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட். 1979 இல் நோபல் பரிசை அலன் கோமக் என்பாருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

அடுத்து வந்தது எம்.ஆர்.ஐ. முறை. உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் ஒழுங்குபடுகின்றன. தக்க றேடியோ அலையொன்றைச் செலுத்தினால் அவை அதன் சத்தியை ஏற்றுப் பின்னர் வெளிவிடுகின்றன. அம்மறுமொழி எவ்விடத்தினின்று வந்தது என்று கணித்துப் படமாக்கும் வகையை வகுத்தமைக்காகப் போல் லோட்டபர், பீற்றர் மான்ஸ்பீல்ட் ஆகிய இருவரும் 2003 இல் நோபல் பரிசு பெற்றனர். 1990 இல் செயிஜி ஒகாவா என்னும் யப்பானிய அறிஞர் அமெரிக்காவிலிருந்து மற்றுமொரு படி ஏறினார். ஒட்சிசன் நிறைந்த குருதியும் ஒட்சிசன் இழந்த குருதியும் காந்தப்புலத்தில் வெவ்வேறு வகையாக நடந்துகொள்வதால், மூளையில் தொழில் மிக்க பகுதியை அவ்வேறுபாட்டினாலே படத்திற் கண்டுகொள்ளலாம் என அவர் காட்டினார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். அப்படத்தில் ஒளிர்வது எண்ணமன்று. எண்ணும் பகுதிக்கு ஓடிய குருதியே. அதுவும் நரம்பின் துடிப்புக்குச் சில விநாடிகள் பிந்தியே உச்சமடைகின்றது. சந்தைக்குச் சென்ற வண்டிகளை எண்ணி, அங்கு நிகழ்ந்த பேரத்தை ஊகிப்பது போன்றது இது. மேலும், ஒரு படம் பல்லாயிரஞ் சிறு கட்டங்களால் ஆயது. அத்தனை கட்டங்களையும் தனித்தனியே சோதித்தால், யாதொரு தொழிலும் நிகழாதபோதும் சில கட்டங்கள் தற்செயலாக ஒளிர்வனபோல் தோன்றும். 2009 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதனை நகைச்சுவை தோன்ற நிறுவினர். செத்த சால்மன் மீனொன்றைக் கருவியுள் வைத்து, மனிதரின் நிழற்படங்களை அதற்குக் “காட்டி”, அதன் மூளையைப் படமெடுத்தனர். தக்க திருத்தக் கணக்கின்றிப் பார்த்தபோது, செத்த மீனின் மூளையும் தொழிற்படுவதாகத் தோன்றியது. திருத்தக் கணக்கைச் செய்ததும் அத்தோற்றம் மறைந்தது. கயிற்றைப் பாம்பெனக் காணுந் திரிபுக் காட்சியை எமது அளவை நூலார் எடுத்துரைத்துள்ளனர். விலையுயர்ந்த கருவிக்கும் அவ்வழு உண்டு.

படம் பிழையற்றதாயினும் இன்னொரு குறை எஞ்சும். தேர்த் திருவிழாவிலே தேர் நகரும்போது மேளம் முழங்குகின்றது. தேர் நிற்கும்போது மேளமும் தணிகின்றது. தூரத்தே நின்று நோக்கும் அயலான் ஒருவன், மேளமே தேரை நகர்த்துகின்றது என்று எண்ணினால் அவனைக் குறைகூற இயலாது. மேளத்தை நிறுத்தியும், வடத்தை விடுவித்தும் பார்த்தாலன்றி எது காரணம், எது உடனிகழ்வது என்பது விளங்காது. காண்டல் உடனிகழ்ச்சியைக் காட்டும். தூண்டல் காரணத்தைச் சோதிக்கும். இருவழியும் ஒருங்கே வேண்டப்படுவது இதனாலேதான்.

நடுக்குவாதத்திற் கண்ட வெற்றி

இவ்விணைப்பின் பயனை நடுக்குவாதத்திற் போல் வேறெங்கும் தெளிவாகக் காணல் அரிது. 1817 இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்கும் இந்நோயில், நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியொன்றின் கலங்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அவை சுரக்கும் டோபமின் என்னும் பொருள் குறைகின்றது. கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். 1960 களின் பிற்பகுதியிற் பயனுக்கு வந்த லெவோடோபா என்னும் மருந்து நோயாளருக்குப் பேருதவி புரிந்தது. ஆயினும் ஆண்டுகள் பல செல்ல, ஒரு வேளை மருந்துக்கும் மறு வேளை மருந்துக்கும் இடையே உடல் முடங்குவதும், தன்வயமின்றி ஆடுவதுமாகப் பலர் இடர்ப்பட்டனர்.

லெவோடோபா வருமுன்னர், மூளையின் நடுவிலுள்ள தலமசு என்னும் பகுதியிற் சிறியதோரிடத்தை அழித்து நடுக்கத்தைத் தணிக்கும் சத்திரசிகிச்சை வழக்கில் இருந்தது. அழிக்குமுன், இடம் சரியானதோ என அறியும்பொருட்டு மின்வாயாற் தூண்டிப் பார்ப்பர். பிரான்சின் கிறனோபிள் நகரில் 1987 இல் அலிம் லூயி பெனபிட் என்னும் சத்திரவைத்தியர் அங்ஙனம் சோதிக்கும்போது, விநாடிக்கு 100 துடிப்பளவில் மின்சாரத்தைச் செலுத்தியதும் நடுக்கம் நின்றதையும், நிறுத்தியதும் அது மீண்டதையும் கண்டார். அழிக்காமலே அழித்ததன் பயனைப் பெறலாம் என்றால், அழிப்பானேன்? மின்வாயை உள்ளேயே நிலைநிறுத்தி, இடைவிடாது தூண்டும் சிகிச்சை இவ்வாறு தோன்றிற்று.

அதே காலத்தில் அமெரிக்காவிலே மாலன் டிலோங் என்பார் வேறொரு திசையினின்று வந்தார். 1982 இல் கலிபோர்னியாவில், களவாகச் செய்யப்பட்ட போதைமருந்தை ஏற்றிய இளைஞர் சிலர் குறுகிய காலத்தில் முதிர்ந்த நடுக்குவாத நோயாளர்போல் முடங்கினர். அதிற் கலந்திருந்த எம்.பி.ரி.பி. என்னும் நஞ்சே காரணமெனத் தெளிந்தது. அந்நஞ்சினாற் குரங்குகளில் நோயை உண்டாக்கி ஆராய்ந்தபோது, தலமசுக்குக் கீழேயுள்ள ஒரு கரு அளவுக்கு மிஞ்சித் தொழிற்படுவது தெரிந்தது. அக்கருவை அழித்ததும் குரங்குகளின் உடல் இளகியது, கைகால் அசைந்தன. 1990 இல் இம்முடிவு வெளியாயிற்று. 1993 இல் கிறனோபிள் குழுவினர் மனிதரின் அக்கருவிலே மின்வாயை வைத்தனர். 2014 இல் பெனபிட்டும் டிலோங்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அக்கருவின் அளவோ ஒரு கடலை விதையளவே. எம்.ஆர்.ஐ. படத்தில் இடங்குறித்து, தலையிற் பூட்டிய சட்டத்தின் துணையால் வழியளந்து, நுண்ணிய மின்வாயை உட்செலுத்துகின்றனர். இரண்டொரு மில்லிமீற்றர் வழுவினாலும் பயன் குன்றும், பேச்சுக் குளறும். மின்வாயினின்று தோலின் கீழாகச் செல்லும் கம்பி, காறையெலும்பின் கீழ்ப் பதித்த மின்கலத்தைச் சேர்கின்றது. விநாடிக்குச் சுமார் 130 துடிப்புக்கள் இரவு பகலாகச் செல்கின்றன. உலகெங்கும் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தகைய கருவியைப் பெற்றுள்ளனர். 156 நோயாளரைக் கொண்டு நடந்து 2006 இல் வெளியான ஆய்விலே, மருந்து மட்டும் பெற்றோரினும் தூண்டலும் மருந்தும் பெற்றோர் ஆறு மாத முடிவில் நலம் மிக்கு வாழ்ந்தனர் எனக் காணப்பட்டது. எனினும் இது நோயை மாற்றும் சிகிச்சையன்று. நோயின் வளர்ச்சியை இது நிறுத்துவதில்லை. மூளையிற் குருதி கசிதலும், பதித்த கருவியிற் கிருமி தொற்றலும் அரிதாயினும் உண்டு.

கண்கூடும் சான்றும்

நடுக்குவாதத்தில் விடை உடனே கண்ணுக்குத் தெரிகின்றது. ஆளியைத் திறந்தால் கை அடங்குகின்றது; மூடினால் நடுங்குகின்றது. எல்லா நோயும் அங்ஙனம் விடை தருவதில்லை.

கொடிய மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்வோம். ஹெலன் மேபேக் என்னும் நரம்பியல் வைத்தியர், மூளையின் முற்புறத்தில் ஆழத்தேயுள்ள ஒரு பகுதி அந்நோயாளரிடத்து மிகுந்து தொழிற்படுவதையும், நோய் தணிந்தபோது அதுவும் தணிவதையும் படங்களிற் கண்டார். அப்பகுதியைத் தூண்டி அடக்கினால் நோய் தணியுமா என்று வினவினார். கனடாவின் ரொறன்ரோ நகரில், எம்மருந்துக்கும் மசியாத ஆறு நோயாளருக்கு அங்கே மின்வாய் வைக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் நால்வர் நலம் பெற்றனர் என்று 2005 இல் அறிக்கை வந்தது. உலகமே வியந்தது.

பின்னர் அமெரிக்காவில் 90 நோயாளரைக் கொண்டு பெரியதோர் ஆய்வு நடந்தது. அனைவருக்கும் கருவி பதிக்கப்பட்டது. திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் தற்செயலாகப் பிரித்து, 60 பேருக்கு மின்சாரம் செலுத்தப்பட்டது. 30 பேருக்கு ஆறு மாதம் செலுத்தப்படவில்லை. தாம் எக்கூட்டத்தவர் என்று நோயாளரும் அறியார். அவர்களைச் சோதித்து மதிப்பிட்டோரும் அறியார். 2017 இல் வெளியான முடிவு யாது? தூண்டப்பட்டோரில் நூற்றுக்கு 20 பேர் தேறினர். தூண்டப்படாதோரில் நூற்றுக்கு 17 பேர் தேறினர். இவ்வேற்றுமை தற்செயலினின்று பிரித்தறியக் கூடியதன்று.

தூண்டப்படாதவர் தேறியது எவ்வாறு? நோய் தானாகவே ஏறி இறங்குவது ஒன்று. நோயாளியின் நம்பிக்கை மற்றொன்று. நம்பிக்கை வெறும் மனமயக்கமன்று. 2001 இல் கனடாவின் வன்கூவர் நகரில் நடுக்குவாத நோயாளருக்குப் போலி மருந்தளித்துப் படமெடுத்தபோது, அவர்களின் மூளை டோபமினை மெய்யாகவே வெளியிட்டது புலனாயிற்று. நம்பிக்கையே இரசாயனமாகித் தொழிற்படுமாயின், சிகிச்சையின் பயனையும் நம்பிக்கையின் பயனையும் கண்ணாற் பிரித்தல் எவ்வாறு இயலும்? போலிச் சிகிச்சையோடு ஒப்பிடல் ஒன்றே வழி.

இத்தோல்வியோடு கதை முடியவில்லை. அந்த 90 பேருக்கும் பின்னர் மின்சாரம் செலுத்தித் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டாண்டு முடிவில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் தேறினர். ஆனால் அப்போது ஒப்பிடுதற்குக் கூட்டமில்லை. அற்லான்ற நகரில் மேபேக் குழுவினர், நரம்பு நார்கள் செல்லும் வழியைக் காட்டும் புதுவகை எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு, நான்கு நார்ப்பாதைகள் கூடும் சந்தியை ஒவ்வொரு நோயாளியிடத்தும் தனித்தனியே குறித்து மின்வாயை வைத்தனர். 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி 11 பேரில் 8 பேர் ஆறு மாதத்தில் தேறினர். நல்ல செய்தியே, ஆயினும் இதிலும் போலிச் சிகிச்சைக் கூட்டம் இல்லை. இதுவும் முன்னைய ஆறு பேரின் கதையாகுமா, அன்றி உண்மையான முன்னேற்றமா என்பதை ஒப்பீட்டாய்வே கூறல் வேண்டும்.

அத்தகைய ஆய்விற் தேறிய முறைகளும் இல்லாமலில்லை. மண்டையோட்டைத் திறவாது, புறத்தேயிருந்து குவித்த ஒலியலைகளாற் தலமசிற் சிறியதோரிடத்தைச் சுடும் முறை அவற்றுள் ஒன்று. எம்.ஆர்.ஐ. கருவியே இடத்தையும் காட்டுகின்றது, சூட்டையும் அளக்கின்றது. முதலிற் சிறிதே சூடேற்றி இடம் சரிதானோ என நோக்கியபின்னரே இறுதியாகச் சுடுகின்றனர். நடுக்குவாதத்தினின்று வேறான ஒருவகைக் கைந்நடுக்கமுடைய 76 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. மூன்று மாத முடிவில், மெய்ச் சிகிச்சை பெற்றோரின் நடுக்கப் புள்ளி 18.1 இலிருந்து 9.6 ஆகக் குறைந்தது; போலிச் சிகிச்சை பெற்றோருக்கு 16.0 இலிருந்து 15.8 ஆக மட்டுமே குறைந்தது. 2016 இல் வெளியான இம்முடிவு ஐயத்துக்கு இடந்தரவில்லை.

1985 இல் ஷெவ்பீல்ட் நகரில் அந்தனி பாக்கர் குழுவினர் அமைத்த காந்தத் தூண்டலும் இத்தகையதே. 1831 இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. தலைமேல் வைத்த சுருளில் ஒரு கணம் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை எழுப்ப, அது என்பை ஊடுருவி மூளையில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கின்றது. மனச்சோர்வுக்கு இதனை 2008 இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. இதனை ஆராய்வோர் மெய்ச் சுருளைப்போலவே ஒலியெழுப்பும் போலிச் சுருளையும் செய்துவைத்துள்ளனர்.

முடிவுரை

எமது பழைய மாணவர் பலர் இன்று முதியோராயினர். முதிய பெற்றோரைப் பேணுவோராயும் உள்ளனர். மூளைக்குப் புதுமையான மின்சிகிச்சை உண்டு என்று ஒருவர் வந்து கூறின், காணியை ஈடுவைத்தேனும் செய்விப்போம் என மனம் முந்தும். அவ்வேளையில் வினவத்தக்கன சில உள. எத்தனை நோயாளரிடம் சோதிக்கப்பட்டது? எதனோடு ஒப்பிடப்பட்டது? மதிப்பிட்டவர் யார் மெய்ச்சிகிச்சை பெற்றவர் என்று அறிந்திருந்தாரா? பயன் எத்துணைக் காலம் நின்றது? நல்ல வைத்தியர் இவ்வினாக்களுக்குச் சினங்கொள்ளார். வண்ணப் படமொன்றைக் காட்டுதல் இவற்றுக்கு விடையாகாது.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். மூளை ஆராய்ச்சி வைத்தியத் துறைக்குச் செல்வோர்க்கே உரியது என்று எண்ணற்க. ஹவுன்ஸ்பீல்ட் வைத்தியப் பட்டம் பெறாத பொறியியலாளர், மான்ஸ்பீல்ட் பௌதிகர், லோட்டபர் இரசாயனர், பெனபிட் சத்திரவைத்தியத்தோடு பௌதிகமும் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தற்செயலையும் உண்மையையும் பிரித்துக் காட்டும் புள்ளிவிவரவியலோ கணித வகுப்பிலே தொடங்குகின்றது. எமது கல்லூரியின் ஆய்வுகூடத்திலும் கணித வகுப்பிலும் இன்று அமர்ந்திருப்போருக்கு இத்துறையின் வாயில் திறந்தே உள்ளது.

அறிஞரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கின்றது. அந்தத் 90 நோயாளரின் பெயரை எவரும் அறியார். மின்சாரம் தமக்குச் செல்லாதிருக்கவுங் கூடும் என்று அறிந்தே, தம் தலையைத் துளைக்க உடன்பட்டவர்கள் அவர்கள். சின்சினாற்றியில் 1874 இல் இறந்த பெண்ணிடம் பெறப்படாதது அவர்களிடம் பெறப்பட்டது: அறிந்து அளித்த சம்மதம். தமக்குப் பயன்படாதெனினும் பின்வருவோர்க்குப் பயன்படும் என்று அவர்கள் தந்த கொடையினாலேயே எது மெய், எது வெறுந் தோற்றம் என இன்று நாம் அறிகின்றோம். எமது கல்லூரி மாணவர் இத்துறையிற் புகுங்காலத்து, கருவியையும் படத்தையும் போற்றுமுன் அந்நோயாளரைப் போற்றுவாராக.